வேகமானி இருக்கும்போது தாக்குகோணங்காட்டி எதற்கு?

சொந்தக் கையால் கட்டப்படும் சிறு விமானங்களைப் பற்றிச் சென்ற இதழில் வெளிவந்த குறிப்பையொட்டி வன்னியிலிருந்து பல கடிதங்கள் வந்துள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை தாக்குகோணங்காட்டி என்ற ஒரே கருவியைப் பற்றியே கேட்டிருந்தமையால், இம்முறை கேள்வி பதில் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியுள்ளோம்.

கேள்வி: ரொறன்ரோவுக்கு அருகே வசிக்கும் என் பெறாமகன், இரண்டு பேர் அமரக்கூடிய விமானமொன்றைப் பாகம் பாகமாக வாங்கித் தன் வீட்டுக் கராஜில் பூட்டி வருகிறான். விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது, தாக்குகோணங்காட்டி என்ற கருவியையும் பொருத்தப்போவதாகச் சொன்னான். எந்த வேகத்துக்குக் கீழே போகக்கூடாது என்பதை வேகமானியிலேயே குறித்திருக்கிறார்களாம். அப்படியிருக்க, இன்னொரு கருவி வீண் செலவல்லவா?
– ஒரு வாசகர், மாங்குளம்

பதில்: வீண் செலவன்று. அந்த விமானத்தில் அவர் பூட்டப்போகும் பொருள்களுள் விலைக்கு மிஞ்சிய பயன் தரக்கூடியவற்றில் இதுவும் ஒன்று என்பதே எமது கருத்து. ஆனால் வேகமானியில் இருக்கும் அந்தக் குறி உண்மையில் எதைச் சொல்கிறது என்று தெரிந்தால்தான் அதற்கான காரணம் விளங்கும்.

அந்தக் குறி எச்சரிப்பது ஸ்டோலைப் பற்றி. விமானிகள் ஸ்டோல் என்று குறிப்பிடுவது இயந்திரம் நின்றுபோவதை அன்று. இயந்திரம் முழு வலுவோடு இயங்கிக்கொண்டிருக்கும்போதும், இறக்கையின் மேற்பரப்பைத் தழுவிச் செல்ல வேண்டிய காற்று அதைவிட்டுப் பிரிந்து குழம்பிப் போனால், தூக்குவிசை சட்டென்று குறைந்து, பின்னிழுக்கும் விசை பெருகிவிடும். இந்தப் பிரிவு எப்போது நிகழும் என்பதைத் தீர்மானிப்பது வேகமன்று; காற்று வரும் திசைக்கும் இறக்கையின் முன்விளிம்பையும் பின்விளிம்பையும் இணைக்கும் கோட்டுக்கும் இடையிலுள்ள கோணமே, அதாவது தாக்குகோணமே, அதைத் தீர்மானிக்கிறது. சாதாரணச் சிறு விமானங்களின் இறக்கைகளுக்கு அந்த எல்லை ஏறத்தாழ 15 முதல் 18 பாகை வரை இருக்கும். பட்டத்தைப் பிடிநூலோடு இணைக்கும் முச்சையைக் கட்டியவர்களுக்கு இது புதிதன்று. முச்சையின் மேல் நூலைக் குறுக்கினால் பட்டம் படுத்துக் காற்றை வெட்டிச் செல்லும். நீட்டினால் நிமிர்ந்து காற்றை வாங்கும். அளவுக்கு மிஞ்சி நிமிர்ந்தால், எவ்வளவு காற்று அடித்தாலும் ஏறமாட்டாமல் தள்ளாடும்.

பட்டத்துக்குக் காற்று பெரும்பாலும் கிடையாக வருகிறது. விமானத்துக்கோ அது செல்லும் பாதைக்கு நேர் எதிராகவே காற்று வருகிறது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காதவர்கள், மூக்கு வானத்தை நோக்கினால் ஆபத்து, அடிவானத்துக்குக் கீழே நோக்கினால் ஆபத்தில்லை என்று எண்ணிவிடுகிறார்கள். உண்மையில், மூக்கு சற்றே தாழ்ந்திருக்கும் விமானமும், அதைவிடச் செங்குத்தான பாதையில் கீழிறங்கிக்கொண்டிருந்தால், எல்லைக்கோணத்தைத் தாண்டிவிடலாம். கண்ணாடி வழியே வெளியே பார்க்கும் விமானிக்கு மூக்கின் சாய்வு தெரியும், தாக்குகோணம் தெரியாது. அதைக் காட்டுவதே இக்கருவி.

இனி வேகமானிக்கு வருவோம். அதில் குறிக்கப்பட்டிருப்பது, குறிப்பிட்ட எடையோடு, சாயாமல் நேராகப் பறக்கும்போது எல்லைக்கோணம் எந்த வேகத்தில் எட்டப்படும் என்பது மட்டுமே. உங்கள் பெறாமகனின் விமானத்துக்கு அது 50 நொட் (மணிக்கு 50 கடல்மைல்) என்று வைத்துக்கொள்வோம். அவர் தனியாக, எரிபொருளும் குறைந்த நிலையில், மொத்த எடை ஐந்தில் ஒரு பங்கு குறைந்து பறந்தால், அதே இறக்கை ஏறத்தாழ 45 நொட் வரை தாங்கும். மறுபுறம், உயரத்தை இழக்காமல் 45 பாகை சாய்ந்து திரும்பினால் எல்லை ஏறத்தாழ 60 நொட்டுக்கும், 60 பாகை சாய்ந்தால் 71 நொட்டுக்கும் ஏறிவிடும். ஏனெனில் அப்போது இறக்கை விமானத்தின் எடையைப்போல் முறையே 1.4 மடங்கையும் 2 மடங்கையும் சுமக்க வேண்டியிருக்கிறது, எல்லை வேகமோ அந்தச் சுமையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப உயர்கிறது. எல்லை வேகத்தின் 1.3 மடங்கில், அதாவது 65 நொட்டில், தரையிறங்க வருவது வழக்கம் என்பதைச் சேர்த்துப் பாருங்கள். வேகமானி 65 என்று சரியாகவே காட்டிக்கொண்டிருக்கும்போது, இறக்கை தன் எல்லையைக் கடந்திருக்கலாம். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: சாய்வு தானாக எதையும் செய்வதில்லை, சாய்ந்த நிலையில் உயரத்தைக் காப்பதற்காகவோ திருப்பத்தை இறுக்குவதற்காகவோ விமானி கட்டுப்பாட்டுத் தண்டைத் தன் பக்கம் இழுப்பதுதான் சுமையைக் கூட்டுகிறது.

இது ஏட்டுக் கணக்கன்று. ஓடுபாதையை நோக்கித் திரும்பும் கடைசித் திருப்பத்தில், பின்னாலிருந்து காற்று தள்ளினால், விமானம் ஓடுபாதையின் நேர்கோட்டைத் தாண்டிச் சென்றுவிடும். அதைச் சரிசெய்ய முயலும் விமானி திருப்பத்தை இறுக்குகிறார். தரைக்கு அருகே அதிகம் சாய அஞ்சி, சுக்கானை மிதித்து மூக்கைத் தள்ளுகிறார். மூக்கு தாழ்வதைக் கண்டு தண்டை இழுக்கிறார். இந்த மூன்றும் சேர்ந்தால் உட்பக்க இறக்கை முதலில் தூக்குவிசையை இழந்து, விமானம் அந்தப் பக்கமாகப் புரண்டு சுழலத் தொடங்கும். சில நூறு அடி உயரத்தில் தொடங்கும் அந்தச் சுழற்சியிலிருந்து மீளக் கைத்திறன் மட்டும் போதாது, உயரமும் வேண்டும். ஆகவே இந்தக் கருவியின் பயன் விபத்திலிருந்து மீட்பதில் இல்லை. அந்தத் திருப்பத்தை இறுக்கத் தொடங்கும்போதே, மிச்சமிருக்கும் கோணம் கரைந்துகொண்டிருக்கிறது என்று காட்டுவதில்தான் இருக்கிறது.

வீட்டில் கட்டும் விமானத்துக்கு இது ஏன் இன்னும் அவசியம் என்றும் சொல்ல வேண்டும். கனடாவிலும் அமெரிக்காவிலும் இவ்வகை விமானத்தின் வேலையில் பாதிக்கு மேற்பட்ட பங்கை ஆர்வலரே செய்திருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே ஒரே வரைபடத்தின்படி கட்டிய இரண்டு விமானங்கள்கூட ஒன்றைப்போல் ஒன்று பறப்பதில்லை. இறக்கையின் சிறு முறுக்கு, முன்விளிம்பின் நேர்த்தி, எடை ஆகியவற்றைப் பொறுத்து எல்லை வேகம் மாறும். வடிவமைப்பாளர் தந்த எண்ணை அப்படியே வேகமானியில் குறித்து வைப்பது பிறருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை அணிவதாகும். தொழிற்சாலையில் கட்டி விற்கப்படும் விமானத்தில் கட்டாயமாக இருக்க வேண்டிய ஸ்டோல் எச்சரிக்கை இவ்விமானங்களிற் பலவற்றில் இருப்பதும் இல்லை. போதாக்குறைக்கு, மூக்கு நிமிர்ந்து காற்று சரிவாக வரும்போது, வேகத்தை அளக்கும் பிட்டோ குழாயே பிழையான அளவைத் தரக்கூடும். அதாவது வேகமானி மிகவும் தேவைப்படும் வேளையில்தான் அது நம்பத்தகாததாகிறது.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 2012இல் வெளியிட்ட ஆய்வு, இவ்வகை விமானங்களின் உயிரிழப்பு விபத்துகளில் வானில் கட்டுப்பாடு இழத்தலே முதன்மையான காரணமாக இருந்ததைக் காட்டியது. 2014 பெப்ரவரியில் அந்நாட்டுக் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகம், தொழிற்சாலை விமானங்களிலும் இக்கருவியைப் பொருத்துவதற்கான அனுமதி முறையை எளிதாக்கியது. வீட்டில் கட்டுவோருக்கு அதற்கு முன்பே அந்தச் சுதந்திரம் இருந்தது. இந்த ஒரு விடயத்தில் கராஜில் கட்டியவர்கள் தொழிற்சாலைகளை முந்திவிட்டார்கள் என்றே சொல்லலாம்.

பெறாமகனிடம் இரண்டு செய்திகளைச் சொல்லுங்கள். முதலாவது, திரையின் ஒரு மூலையில் சிறிய படமாக அதைப் போட்டுவைப்பதில் பெரிய பயனில்லை. கடைசித் திருப்பத்தில் விமானியின் கண் ஓடுபாதையில் இருக்குமேயன்றிக் கருவிப் பலகையில் இராது. பலகையின் மேல்விளிம்பில், ஓடுபாதையைப் பார்க்கும்போதே கண்ணில் படும் இடத்தில் விளக்கு இருக்க வேண்டும். அதைவிடச் சிறந்தது, கோணம் கூடக்கூட ஹெட்போனில் விரைந்து ஒலிக்கும் எச்சரிக்கை. விளக்கா, ஒலியா, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், நாம் ஒலியையே தேர்ந்தெடுப்போம். இரண்டாவது, இறக்கையை மூடி ஆணி அடிப்பதற்கு முன்பே குழாய்களையும் கம்பிகளையும் உள்ளே ஓடவிட வேண்டும். பின்னர் செய்வது பத்து மடங்கு பாடு.

கேள்வி: நாங்கள் சில மாணவர்கள் சேர்ந்து ஆளில்லா மாதிரி விமானமொன்றைக் கட்டி வருகிறோம். தாக்குகோணத்தை இக்கருவிகள் எவ்வாறு அளக்கின்றன? எங்கள் விமானத்துக்கு நாங்களே ஒன்றைச் செய்துகொள்ள முடியுமா?
– பொறியியல் மாணவி, அறிவியல் நகர், கிளிநொச்சி

பதில்: செய்துகொள்ளலாம். அதற்கு முன், உள்ள வழிகளைச் சொல்கிறோம். மிகப் பழையது, காற்றுத் திசைகாட்டியைப் பக்கவாட்டில் படுக்கவைத்தாற்போன்ற சிறு தகடு. அது காற்று வரும் திசைக்குத் தானாகவே திரும்பிக்கொள்ளும். அதன் அச்சின் கோணத்தை அளந்தால் போதும். பயணிகள் விமானங்களின் மூக்குப் பகுதியில் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு தகடுகள் இவ்வகையானவை.

சிறு விமானங்களில் இன்று அதிகம் காணப்படுவது அமுக்கத்தை ஒப்பிடும் முறை. பிட்டோ குழாயின் நேர்முகத் துளையோடு, அதன் முனையில் கீழ்நோக்கிச் சரித்து வெட்டிய முகத்தில் இன்னொரு துளையும் இருக்கும். காற்று கீழிருந்து சரிந்து வரவர, இரண்டு துளைகளிலும் உணரப்படும் அமுக்கங்களுக்கு இடையிலான வித்தியாசம் மாறும். ஆனால் வித்தியாசம் வேகத்தாலும் மாறுமாதலால், அதை வேகத்தால் உண்டாகும் அமுக்கத்தால் பிரித்தால்தான் கோணத்தை மட்டும் சார்ந்த எண் கிடைக்கும். அந்தப் பிரித்தலைச் சிறு கணினி செய்கிறது. மின்சாரமே இல்லாமல், வித்தியாசத்தைப் பிரிக்காமல் நேரடியாக ஊசியில் காட்டும் கருவியும் உண்டு. அதன் எளிமைக்காகவே அதை விரும்புவோர் இருக்கிறார்கள். இறக்கையின் மேற்புறத்திலும் கீழ்ப்புறத்திலும் மிகச்சிறு துளைகள் இட்டு, இறக்கையின் அமுக்கத்தையே நேராக அளப்பது இன்னொரு முறை. எல்லாவற்றிலும் மலிவானது, இயந்திரமில்லாத கிளைடர் விமானங்களின் விமானிகள் கண்ணாடிக் கூரையின் பக்கவாட்டில் ஒட்டிக்கொள்ளும் கம்பளி நூல். அதற்குப் பின்னால் சில கோடுகளை வரைந்துவிட்டால் அதுவே கருவி.

உங்கள் மாதிரி விமானத்துக்குத் தகட்டு முறையே பொருத்தமானது. தகட்டின் அச்சைத் தாங்கும் இடத்தில் உராய்வு மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்பதால், தொட்டு அளக்கும் மாறுதடையைவிடத் தொடாமல் அளக்கும் காந்த உணரி நல்லது. தகட்டின் முன்பக்கத்தில் சிறு எடை வைத்துச் சமப்படுத்தாவிட்டால், அது காற்றுக்குப் பதிலாகப் புவியீர்ப்பையே காட்டும். இறக்கையின் (முன்விளிம்பு முதல் பின்விளிம்பு வரையான) அகலத்தளவுக்காவது முன்னே நீளும் கோலின் நுனியில், உந்துவிசிறி தள்ளும் காற்றுக்கு வெளியே அதைப் பொருத்துங்கள். அப்படியும் உண்மையைவிடச் சற்றுக் கூடுதலான கோணமே கிடைக்கும். ஏனெனில் இறக்கை தனக்கு முன்னாலிருக்கும் காற்றைத் தானே மேல்நோக்கி வளைக்கிறது. இதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. காற்று அமைதியாக உள்ள காலைவேளையில், உயரம் மாறாமல் நேராக வெவ்வேறு வேகங்களில் பறக்கவிட்டுப் பதிவுசெய்யுங்கள். அந்நிலையில் மூக்கின் சாய்வோடு இறக்கை உடலில் பொருத்தப்பட்ட கோணத்தைக் கூட்டினால் கிடைப்பதே உண்மையான தாக்குகோணம். அதோடு தகட்டின் அளவை ஒப்பிட்டு அட்டவணை தயாரித்துவிடலாம். எல்லைக்கோணத்தையும் நீங்களே கண்டறிய வேண்டும். சிறியதும் மெதுவாகச் செல்வதுமான இறக்கைகள் பெரிய இறக்கைகளைவிடக் குறைந்த கோணத்திலேயே தூக்குவிசையை இழப்பதுண்டு.

இறக்கையின் மேற்புறத்தில் வரிசையாகச் சிறு நூல்களை ஒட்டி, வாலின் மீது சிறு கமெரா வைத்துப் படம் பிடிப்பதையும் பரிந்துரைக்கிறோம். எல்லைக்கோணம் நெருங்கும்போது பின்விளிம்பு நூல்கள் முதலில் நடுங்கி, பின் எழுந்து முன்னோக்கித் திரும்பும். இரணைமடுக் குளத்தின் வாய்க்காலோர வயலில் கொக்கு வந்து இறங்கும் கணத்தை உற்றுப் பாருங்கள். இறக்கையின் மேற்புறச் சிறு இறகுகள் சட்டென்று மேலே எழுவதைக் காணலாம். அங்கும் நடப்பது இதுவே. சுற்றுநிரூபங்களைப் படிப்பதில் யாருக்கும் ஆர்வமில்லை என்பது தெரியும்; ஆயினும் ஆளில்லா விமானங்களைப் பறக்கவிடுவது சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளுக்கு உட்பட்டது என்பதால், அனுமதி நடைமுறையைப் பீடத்தின் வழியாக முதலிலேயே கேட்டறிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: போயிங் 737 மேக்ஸ் விமானங்கள் விழுந்ததற்குத் தாக்குகோணம் அளக்கும் கருவிதான் காரணம் என்று படித்தேன். அப்படிப்பட்ட கருவியை நம்பிப் பறக்கலாமா?
– ஒரு வாசகர், கிளிநொச்சி

பதில்: நியாயமான கேள்வி. 2018 ஒக்டோபர் 29இல் இந்தோனேசியாவில் 189 பேரும், 2019 மார்ச் 10இல் எத்தியோப்பியாவில் 157 பேரும் உயிரிழந்த அந்த இரண்டு விபத்துகளிலும், தாக்குகோண உணரியொன்று பிழையான அளவைத் தந்தது உண்மை. முதல் விமானத்தில் ஓர் உணரி ஏறத்தாழ 21 பாகை கூட்டிக் காட்டியது. ஆனால் அந்த ஒரே உணரியின் சொல்லை நம்பி, விமானியைக் கேளாமல், மூக்கைத் திரும்பத் திரும்பக் கீழே தள்ளும்படி ஒரு மென்பொருள் அமைக்கப்பட்டிருந்ததே பேரழிவுக்கு வழிவகுத்தது. உங்கள் கடிதத்தில் கருவியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருக்கிறீர்கள். அந்த மென்பொருளை அப்படி அமைத்தவர்கள் தப்பிவிடக்கூடாது.

வீட்டில் கட்டும் விமானத்தில் இக்கருவி எதையும் இயக்குவதில்லை, காட்டுவதோடு நின்றுவிடுகிறது. மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2009 ஜூன் 1இல் அத்திலாந்திக் கடலில் 228 பேருடன் விழுந்த ஏர் பிரான்ஸ் 447இல், பிட்டோ குழாய்கள் பனியால் அடைபட்டு வேக அளவுகள் குழம்பின. விமானம் கடலில் விழும்வரை தூக்குவிசை இழந்த நிலையிலேயே இருந்தது. விசாரணை நடத்திய பிரெஞ்சு அமைப்பு 2012இல் வெளியிட்ட இறுதி அறிக்கையில், விமானிகள் நேரடியாகப் பார்க்கக்கூடிய தாக்குகோணங்காட்டியைப் பொருத்துவதைப் பரிசீலிக்குமாறு பரிந்துரைத்தது.

கருவியை நம்பலாமா என்பதற்கு விடை, அதை யார், எப்படிப் பராமரிக்கிறார் என்பதிலும் இருக்கிறது. முதலில் அதை அந்த விமானத்துக்கே உரிய முறையில் அளவுதிருத்த வேண்டும். போதிய உயரத்தில், அமைதியான காற்றில், பிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே மடங்கும் பகுதி) இறக்கியும் இறக்காமலும் தூக்குவிசை இழப்பின் விளிம்புவரை மெல்லச் சென்று, அந்த நிலையைக் கருவிக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் இவ்வகை விமானம் தொடக்கத்தில் சோதனைப் பறப்பில் இருக்க வேண்டியுள்ளதால், அந்தக் காலமே இதற்கு ஏற்றது. அளவுதிருத்தாத கருவி இல்லாத கருவியைவிட மோசமானது.

அடுத்து, துளைகளைக் காக்க வேண்டும். வன்னியில் நீர்க்குழாயையோ கதவுப் பூட்டின் துவாரத்தையோ சில நாள் கவனியாது விட்டால் குளவி மண்கூடு கட்டிவிடும். விமானத்தின் குழாய்க்கும் அதே கதி நேரலாம். 1996 பெப்ரவரி 6இல் டொமினிக்கன் குடியரசுக்கு அப்பால் கடலில் விழுந்து 189 பேரைப் பலிகொண்ட போயிங் 757இன் பிட்டோ குழாயைப் பூச்சிக்கூடு அடைத்திருக்கக்கூடும் என்றே விசாரணையாளர்கள் கருதினர். தரையில் நிற்கும்போதெல்லாம் துளைகளுக்கு உறை மாட்ட வேண்டும்; பறக்குமுன் கழற்ற மறவாதபடி அதில் நீண்ட சிவப்பு நாடா தொங்க வேண்டும்.

இக்கருவிக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. கனடாவில் இரவில் வெளியே நின்ற விமானத்தின் இறக்கையில் மெல்லிய உறைபனி படிந்தால், எல்லைக்கோணம் வெகுவாகக் குறைந்துவிடும். கருவியோ சுத்தமான இறக்கைக்குக் கற்றுக்கொண்ட எல்லையையே காட்டிக்கொண்டிருக்கும். விளக்கு பச்சையாக இருக்கும்போதே இறக்கை கைவிட்டுவிடலாம். ஆகவே பனியைத் துடைக்கும் வேலையைக் கருவியிடம் ஒப்படைக்க முடியாது.

கேள்வி: தரைக்கு அருகே தாக்குகோணங்காட்டியின் சிவப்பு விளக்கு எரிந்தால் விமானி என்ன செய்ய வேண்டும்?
– ஒரு வாசகி, முல்லைத்தீவு

பதில்: தண்டை முன்னோக்கித் தளர்த்த வேண்டும். அதுவே முதலாவது, கோணத்தைக் குறைப்பது அது ஒன்றுதான். அதன் பின்பே இறக்கைகளைச் சமப்படுத்தி, வலுவைக் கூட்டி, தரையிறங்கும் முயற்சியைக் கைவிட்டு மீண்டும் சுற்றிவர வேண்டும். தரை நெருங்கி வருவதைக் காணும் மனம் தண்டை இழுக்கவே சொல்லும் என்பதால், போதிய உயரத்தில் பயிற்றுநரோடு இதைப் பலமுறை பழகியிருக்க வேண்டும்.

கேள்வி: இவ்வளவு சிரமப்படுவதைவிட, தூக்குவிசையை இழக்கவே முடியாத விமானத்தைக் கட்டிவிடலாமே?
– ஒரு வாசகர், வவுனியா

பதில்: அந்த ஆசை பழையது. கிளைடர் முன்னோடியான ஒட்டோ லிலியந்தால் 1896 ஓகஸ்ட் 9இல் இதே காரணத்தால் விழுந்து மறுநாள் இறந்தார்; அன்றிலிருந்து வடிவமைப்பாளர்கள் இதற்கு வழி தேடிக்கொண்டே இருக்கிறார்கள். அமெரிக்கரான ஃபிரெட் வைக் வடிவமைத்த எர்கூப் விமானத்தில், மூக்கை உயர்த்தும் பரப்பு ஓர் அளவுக்கு மேல் அசையாதபடி தடுத்திருந்தார்கள். ஆகவே சாதாரண நிலையில் இறக்கை எல்லைக்கோணத்தை எட்டாது, விமானம் சுழலாது. ஆனால் அதே நிலையில் தண்டை முழுவதும் இழுத்துப் பிடித்தால், அது மிக வேகமாகக் கீழிறங்கும். தரைக்கு அருகே அப்படிச் செய்தவர்கள் விமானத்தை நொறுக்கியதுண்டு. வீட்டில் கட்டுவோரிடையே புகழ்பெற்ற வாரிஈஸ், லோங் ஈஸ் விமானங்களில் பேர்ட் ருட்டன் வேறு வழியைக் கையாண்டார். அவற்றில் சிறிய இறக்கை முன்னே இருக்கிறது. அது முதலில் தூக்குவிசையை இழந்து மூக்கைத் தானே தாழ்த்திவிடுவதால், பின்னாலிருக்கும் பெரிய இறக்கை தன் எல்லையை எட்டுவதில்லை. அதற்கான விலை, பெரிய இறக்கையின் முழுத் தூக்குவிசையையும் ஒருபோதும் பயன்படுத்த முடியாமற்போவது. அதனால் அவை வேகமாகவே தரையிறங்க வேண்டியிருக்கிறது. நீளமான, நன்கு செப்பனிட்ட ஓடுபாதையும் வேண்டியிருக்கிறது. புல்தரையில் இறங்க விரும்புபவர் வழக்கமான இறக்கையையும் தாக்குகோணங்காட்டியையும் தேர்ந்தெடுப்பதே மேல்.